எந்தக் கார்பன், எந்த வயது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருக்கிறேன். ஜப்பானிய விண்கலம் கொண்டுவந்த ரியூகு சிறுகோளின் மண்ணைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பதினோராம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். "சில விண்கற்களில் உள்ள கார்பன் துகள்கள் சூரியனைவிட மூத்தவை" என்று அதில் ஒரு வரி வருகிறது. உடனே ஒரு மாணவி எழுந்தாள். "சார், கார்பன் அணு எல்லாமே நட்சத்திரத்துக்குள்ள உண்டானதுதானே? அப்போ என் நகத்துல இருக்கிறதும் சூரியனைவிட மூத்ததுதான். விண்கல்லுக்கு மட்டும் என்ன தனிப் பெருமை?" என்றாள். வகுப்பே சிரித்தது. விசாரித்துச் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னும் சில சந்தேகங்கள். கொடைக்கானலில் ஒரு விண்கல் கிடைத்திருக்கிறதாமே, அதில் இந்தப் பழைய கார்பன் இருக்குமா? விண்கல்லில் அமினோ அமிலம் கிடைத்துவிட்டதால் உயிர் வானத்திலிருந்து வந்தது நிரூபணமாகிவிட்டது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது, அது உண்மையா? கடைசியாக, என் மாமனார் தோட்டத்தில் கனமான ஒரு கருப்புக் கல் கிடக்கிறது, மேலெல்லாம் ஓட்டை. அது விண்கல்தான் என்று சாதிக்கிறார்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் மாணவி சொன்னது சரி. நட்சத்திரத்தின் உள்ளே பத்துக் கோடி டிகிரி வெப்பத்தில் மூன்று ஹீலியம் கருக்கள் ஏறக்குறைய ஒரே கணத்தில் சேர்ந்தால்தான் ஒரு கார்பன் கரு. இப்படிச் சேர்வது மிக அரிது. கார்பன் கருவுக்கு 7.65 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் அருகில் ஒரு கிளர்ச்சி நிலை (கூடுதல் ஆற்றலோடு இருக்கும் நிலை) இல்லாவிட்டால் பிரபஞ்சத்தில் இவ்வளவு கார்பன் இருக்கவே முடியாது என்று 1953 இல் வானியலாளர் ஃப்ரெட் ஹாய்ல் கணக்குப் போட்டுச் சொன்னார். தேடிப் பார்த்தார்கள், இருந்தது. அவள் நகத்திலும் உங்கள் தேயிலையிலும் இருக்கும் கார்பன் எல்லாம் அப்படி வந்ததுதான்.

ஒரே ஒரு விலக்கு உண்டு, வகுப்பில் சொல்லுங்கள். கார்பன்-14. அது காஸ்மிக் கதிர்கள் காற்றின் நைட்ரஜனைத் தாக்குவதால் நம் தலைக்கு மேலேயே தினமும் உண்டாகிறது. அவள் நகத்தில் லட்சம் கோடி கார்பன் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில் அது இருக்கும். அந்த அணுக்கள் மட்டும் சூரியனைவிட இளையவை. சின்ன விஷயம்தான், ஆனால் அவளை மடக்க இது ஒன்றுதான் வழி.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். அதில் சொன்ன வயது அணுவினுடையது இல்லை, துகளினுடையது. ஒரு கார்பன்-12 அணு இன்னொரு கார்பன்-12 அணுவைப் போலவேதான் இருக்கும். எங்கே பிறந்தது என்று அதைக் கேட்டு எந்தப் பயனும் இல்லை. ஆனால் ஒரு துகளில் கோடிக்கணக்கான அணுக்கள் இருக்கின்றன. அவற்றில் கார்பன்-12 எத்தனை, கார்பன்-13 எத்தனை என்ற விகிதம் அந்தத் துகள் உறைந்த இடத்தைச் சொல்லிவிடும். பூமியிலும் நிலவிலும் பெரும்பாலான விண்கற்களிலும் அந்த விகிதம் ஏறத்தாழ 89. சூரியன் பிறந்த மேகத்தில் எல்லாம் கலந்து, சராசரியாகி வந்த எண் அது. நகத்தின் கார்பன் அந்தக் கலவையில் கரைந்து வந்தது. விண்கல்லில் இருக்கும் சில துகள்கள் கரையவே இல்லை.

அவற்றைப் பிடித்த கதையை உங்கள் வகுப்பு ரசிக்கும், ஏனென்றால் அது முழுக்க முழுக்க வேதியியல் ஆய்வகக் கதை. 1964 இல் ஒரு விண்கல்லைச் சூடாக்கியபோது வெளிவந்த செனான் வாயுவின் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்கள்) விகிதம் சூரியக் குடும்பத்தில் எதோடும் பொருந்தவில்லை. கல்லுக்குள் ஏதோ ஒன்று வேற்று நட்சத்திரத்தின் வாயுவைச் சுமந்துகொண்டிருந்தது. எது என்று கண்டுபிடிக்க 1987 வரை ஆனது. சிகாகோவில் எட்வர்ட் ஆண்டர்ஸ் குழுவினர் கல்லை ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்திலும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் கரைத்தார்கள், மிஞ்சியதை ஆக்சிஜனேற்றிகளால் அரித்தார்கள். கரைவதெல்லாம் கரைந்த பிறகு அடியில் கொஞ்சம் நின்றது. இரண்டு மூன்று நானோமீட்டர் அளவு வைரங்கள், அப்புறம் சிலிக்கான் கார்பைடு. கிராஃபைட் உருண்டைகள் 1990 இல் வந்து சேர்ந்தன. சிலிக்கான் கார்பைடு துகள்களை ஒவ்வொன்றாக அளந்தால் கார்பன் விகிதம் ஒன்றில் 20, இன்னொன்றில் 60, வேறொன்றில் பல நூறு. 89 என்ற எண்ணை அவை மதிப்பதே இல்லை. பெரும்பாலானவை முதிர்ந்து வீங்கிய செம்பூத நட்சத்திரங்கள் ஊதிய காற்றில் உறைந்தவை, சில வெடித்துச் சிதறிய நட்சத்திரங்களிலிருந்து வந்தவை.

1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த கல்லிலிருந்து எடுத்த சிலிக்கான் கார்பைடு துகள்களின் வயதை 2020 இல் வெளியிட்டார்கள். அவற்றில் ஆக மூத்தது ஏறக்குறைய 700 கோடி ஆண்டு. சூரியக் குடும்பத்துக்கு 457 கோடிதான். (கல்லை அரைத்தபோது ஊசிப்போன வேர்க்கடலை வெண்ணெய் மாதிரி நாறியதாம்.) நானோ வைரங்களைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. அவை சுமக்கும் செனான் அந்நியமானது, ஆனால் அவற்றின் சராசரி கார்பன் விகிதம் நம் ஊர் விகிதத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பெரும்பாலான நானோ வைரங்கள் இங்கேயே உண்டானவையாக இருக்கலாம் என்ற வாதம் அதனால்தான் ஓயவில்லை.

சரி, இந்தத் துகள்கள் பிரபலமே தவிர அளவில் மிகக் கொஞ்சம். மர்ச்சிசன் கல்லின் எடையில் கார்பன் இரண்டு சதவீதம் போல. அதில் சிலிக்கான் கார்பைடின் பங்கு கணக்கிலேயே வராது. கரிமப் பொருளில் 70 சதவீதத்துக்கும் மேல் எந்தக் கரைப்பானிலும் கரையாத ஒரு கருப்புப் பிசுக்கு. பென்சீன் வளையங்கள் குட்டைச் சங்கிலிகளால் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கும், நடுவில் ஆக்சிஜன், நைட்ரஜன், கந்தகம் எல்லாம் உண்டு. உண்மையான புதிர் இதுதான். விண்கல் கார்பனின் பிறப்பிடம் எது என்று யாராவது ஒற்றை வரியில் பதில் சொன்னால், இந்தப் பிசுக்கைப் பற்றிப் பேசுகிறாரா என்று முதலில் கேளுங்கள்.

உங்கள் ஊரில் சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலை ஒரே தொழிற்சாலைக்குப் போகிறது. அங்கே வாடவைத்து, அரைத்து, உலர்த்தி மூட்டை கட்டுகிறார்கள். டீத்தூளைக் கையில் வைத்துக்கொண்டு கொழுந்து யார் தோட்டத்தினுடையது என்று கேட்பதும், அந்த நிறம் எந்த எந்திரத்தில் ஏறியது என்று கேட்பதும் இரண்டு கேள்விகள். விண்கல்லிலும் அப்படித்தான். அணு எங்கே உண்டானது என்பது ஒன்று, அணுக்கள் எங்கே மூலக்கூறாகச் சேர்ந்தன என்பது வேறொன்று, சிறுகோளுக்குள் போன பிறகு அந்த மூலக்கூறு என்ன பாடுபட்டது என்பது இன்னொன்று. உங்கள் மாணவியின் கேள்வி முதலாவது, ஆராய்ச்சியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது மற்ற இரண்டில்.

கருப்புப் பிசுக்கில் கிடைக்கும் முதல் தடயம் கார்பனில் இல்லை, அதோடு ஒட்டியிருக்கும் ஹைட்ரஜனில். சூரியன் பிறந்த வாயுவில் ஐம்பதாயிரம் ஹைட்ரஜனுக்கு ஒரு டியூட்டீரியம், அதாவது கனமான ஹைட்ரஜன். நம் கடலில் 6,400க்கு ஒன்று. சில விண்கற்களின் பிசுக்கில் கடலைப் போல நான்கு மடங்கு, அதற்குள்ளேயே சில புள்ளிகளில் அதைவிடப் பல மடங்கு. டியூட்டீரியம் இப்படிக் குவியக் கடுங்குளிர் வேண்டும். மைனஸ் 250 டிகிரிக்கும் கீழே, நட்சத்திரங்களுக்கு இடைப்பட்ட மேகங்களில் நடப்பது போன்ற வேதிவினை. ஆகவே பிசுக்கின் ஒரு பகுதியாவது சூரியனுக்கு முந்தைய மேகத்திலோ, சூரியனைச் சுற்றிய வட்டின் உறைந்த விளிம்பிலோ உருவாகியிருக்க வேண்டும்.

என்னை மிகவும் கவர்ந்தது 2023 இல் வந்த ஒரு முடிவு. மலையில் எல்லோர் வீட்டிலும் ஸ்வெட்டர் பெட்டிக்குள் பாச்சை உருண்டை போட்டு வைப்போமே, அந்த நாஃப்தலீன் ரியூகு மண்ணில் இருக்கிறது. பத்து கார்பன் அணுக்கள், இரண்டு வளையங்கள். அவற்றில் ஒன்றுக்குப் பதில் இரண்டு அணுக்கள் கார்பன்-13 ஆக இருக்கும் மூலக்கூறுகள் எத்தனை என்று எண்ணினார்கள். தற்செயலாக எத்தனை வரும் என்பது உங்கள் மாணவர்களே போடக்கூடிய நிகழ்தகவுக் கணக்கு. வெப்பத்தில் உருவானால் விடை அந்தக் கணக்கோடு ஒத்துப்போகும். குளிரில் உருவானால் கனமான இரண்டு அணுக்கள் பக்கத்தில் பக்கத்தில் சேர்வது ஆற்றலுக்கு லாபம், அதனால் எண்ணிக்கை கூடும். நாஃப்தலீன், பைரீன், ஃப்ளோரான்தீன் ஆகிய மூன்றிலும் ஆயிரத்துக்கு 9 முதல் 51 வரை கூடியிருந்தது. நட்சத்திரங்களுக்கு இடையிலுள்ள குளிர்ந்த மேகத்தில் பிறந்தவை என்பதற்கான அடையாளம் அது. அதே மண்ணில் இருக்கும் ஆந்த்ரசீன், ஃபினான்த்ரீன் இரண்டிலும் அப்படி இல்லை. அவை 1,000 கெல்வினுக்கு மேல், ஏதோ ஒரு முதிர்ந்த நட்சத்திரத்தின் புகையைப் போன்ற வெப்பமான இடத்தில் உருவாகியிருக்க வேண்டும்.

ஆந்த்ரசீனும் ஃபினான்த்ரீனும் மூன்று வளையங்கள், நாஃப்தலீனுக்கு இரண்டு. காகிதத்தில் அண்ணன் தம்பி போலத்தான் தெரிகின்றன. ஒரே சிறுகோளில் அருகருகே கிடக்கின்றன. ஆனால் ஒன்று உறைகுளிரிலும் மற்றொன்று உலைச்சூட்டிலும் பிறந்தது. இதைப் படித்த பிறகு விண்கல் கார்பனுக்கு ஒரே பிறப்பிடம் தேடும் எந்தக் கோட்பாட்டின் மீதும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

அப்படிப்பட்ட கோட்பாடுகளுக்குப் பஞ்சமில்லை. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் இரும்புத் துகள்களின் மேல் வினைபுரிந்து, நிலக்கரியிலிருந்து பெட்ரோல் செய்யும் அதே ஃபிஷர்–ட்ராப்ஷ் முறையில், இங்கேயே எல்லாம் உண்டானது என்று ஆண்டர்ஸ் வாதாடினார். சிறுகோளுக்குள் அலுமினியம்-26 இன் கதிரியக்கச் சூட்டில் பனி உருகி, ஃபார்மால்டிஹைடு ஒன்றோடொன்று கோத்துப் பிசுக்கானது என்று 2011 இல் ஒரு குழு காட்டியது. ஃபார்மலின் குப்பியின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள், அதன் தூரத்து உறவுதான் இந்த வினை. இவற்றில் எதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. சிறுகோளுக்குள் தண்ணீர் ஓடியது நிச்சயம், மூலக்கூறுகளை அது மாற்றியதும் நிச்சயம். ஆனால் அந்தத் தண்ணீருக்குக் கிடைத்த மூலப்பொருள் ஏற்கெனவே பல ஊர் சரக்கு.

குளிர்ந்த மேகம் என்றதும் தொலைவில் இருப்பதாக நினைக்க வேண்டாம். அதன் கார்பன் பேசும் குரலை நம் முத்தோரையிலேயே பிடித்திருக்கிறார்கள். 1970 முதல் இயங்கும் ஊட்டி ரேடியோ தொலைநோக்கியை நீங்கள் பாலாடா போகும் வழியில் பார்த்திருப்பீர்கள். மலைச்சரிவின் கோணமும் ஊரின் அட்சரேகையும் ஒன்றாக, 11 டிகிரியாக, இருக்கும் இடத்தைத் தேடிப்பிடித்து கோவிந்த் ஸ்வரூப் 530 மீட்டர் நீளத்துக்குக் கட்டியது. அது கேட்கும் அலைவரிசை 327 மெகாஹெர்ட்ஸ் பக்கம். கார்பனின் அயனியாக்க ஆற்றல் 11.26 எலக்ட்ரான் வோல்ட், ஹைட்ரஜனுடையது 13.6. அதனால் ஹைட்ரஜனை ஒன்றும் செய்ய முடியாத பலவீனமான நட்சத்திர ஒளிகூட மேகத்திலுள்ள கார்பனிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிவிடும். அது திரும்ப வந்து ஒட்டும்போது படிப்படியாக இறங்குகிறது. 273 ஆவது மட்டத்திலிருந்து 272 க்கு இறங்கும்போது வெளிவரும் அலை ஊட்டியின் காதுக்கு எட்டும். கே. ஆர். அனந்தராமையாவும் அவரோடு வேலை செய்தவர்களும் இந்தத் தொலைநோக்கியை வைத்தே பால்வீதியின் தளத்தில் இந்தக் கார்பன் கோடுகளை அளந்தார்கள். வகுப்பில் n = 4, 5 வரை வரைந்து நிறுத்துவோம். n = 272 இல் அணுவின் குறுக்களவு கிட்டத்தட்ட எட்டு மைக்ரான், நம் ரத்தச் சிவப்பணு அளவு. நீல்ஸ் போரின் அணு மாதிரிக் கணக்கைப் போடச் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்கள்.

கொடைக்கானல் கல்லுக்கு வருகிறேன். 1898 இல் பழனி மலையில் கண்டெடுத்தது, சுமார் 16 கிலோ. இரும்பு விண்கல், நடுநடுவே சிலிகேட் கண்ணாடித் திட்டுகள். ஆசையாகக் கேட்கிறீர்கள், ஆனால் நீங்கள் தேடுவது அதில் கிடைக்காது. ஒரு சிறுகோள் உருகினால்தான் இரும்பு தனியே பிரியும், உருகிய இரும்பில் சிலிக்கான் கார்பைடோ பிசுக்கோ பிழைக்காது. கார்பன் இரும்பில் கரைந்துபோகும், ஆறும்போது கிராஃபைட்டாகவோ இரும்புக் கார்பைடாகவோ ஒதுங்கும், பழைய அடையாளம் எதுவும் மிஞ்சாது. போதாததற்கு அந்தச் சிலிகேட் திட்டுகளின் வயது 370 கோடி ஆண்டுதான். ஏதோ ஒரு பெரிய மோதலில் திரும்பச் சூடேறியிருக்க வேண்டும். அருமையான கல், ஆனால் வேறு கதைக்கு. மர்ச்சிசன் இனத்தைச் சேர்ந்த இந்தியக் கல் வேண்டுமென்றால் ஜெய்ப்பூர் அருகே முகுந்த்புராவில் 2017 ஜூன் 6 அன்று விழுந்தது இருக்கிறது.

வாட்ஸ்அப் செய்தியில் பாதி உண்மை. மர்ச்சிசனில் அமினோ அமிலங்கள் இருப்பதை 1970 இல் அறிவித்தது நாசாவின் ஏம்ஸ் மையத்தில் சிரில் பொன்னம்பெருமவின் குழு. அவர் இலங்கையில் காலியில் பிறந்தவர், முதல் பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்தில், அதுவும் தத்துவத்தில். பென்னு சிறுகோளிலிருந்து 2023 இல் வந்த 121.6 கிராம் மண்ணிலும் நம் புரதங்கள் பயன்படுத்தும் இருபதில் 14 அமினோ அமிலங்கள் கிடைத்தன, டி.என்.ஏ., ஆர்.என்.ஏ.வுக்கு வேண்டிய ஐந்து காரங்களும் கிடைத்தன. இவ்வளவும் உண்மை. ஆனால் அதே கற்களில் உயிர்களின் புரதத்தில் இல்லாத ஐசோவாலின் போன்ற அமிலங்களும் ஏராளம். கார்பன் எண்ணிக்கை கூடக்கூட அளவு சீராகக் குறைகிறது, ஒரு வாய்பாட்டுக்கு எத்தனை ஐசோமர் (அதே அணுக்கள், வேறு அமைப்பு) சாத்தியமோ எல்லாம் இருக்கின்றன. உயிர் இப்படிச் செய்யாது, அது தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுக்கும். பென்னுவில் இடக்கை, வலக்கை வடிவங்களும் ஏறக்குறைய சமம். அங்கே வேதியியல் மட்டும்தான் நடந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஆனால் அந்தச் சரக்கு பூமிக்கு உதவியதா என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. சூரியனில் சிலிக்கானோடு ஒப்பிட்டால் இருக்கும் கார்பனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் ஆகக் கார்பன் மிகுந்த விண்கல்லிலேயே இருக்கிறது. பூமி பாறையாகத் திரண்ட பகுதி அதைவிடப் பல மடங்கு வறுமை. சூரியனுக்கு அருகில் இருந்த சூட்டில் கார்பன் துகள்கள் எரிந்து வாயுவாகிவிட்டன. நமக்குக் கிடைத்த கார்பனில் ஒரு பங்காவது வெளிவட்டத்துக் கற்கள் சுமந்து வந்ததாக இருக்கலாம். மூலப்பொருள் வந்து இறங்கியது என்பதும் உயிரே வந்து இறங்கியது என்பதும் ஒன்றல்ல.

இந்த ஆசை பழையதும்கூட. 1864 மே 14 அன்று பிரான்சின் ஓர்கேயில் ஒரு கார்பன் விண்கல் விழுந்தது. உயிர் தானாக உண்டாகாது என்று லூயி பாஸ்டர் பாரிஸில் பேசி அப்போது ஒரு மாதத்துக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. யாரோ ஒரு குறும்பர் ஒரு துண்டை நனைத்து, கோரை போன்ற புல்லின் விதைகளையும் நிலக்கரித் துணுக்குகளையும் உள்ளே திணித்து, பசை வைத்து மூடிவிட்டார். வேடிக்கை என்னவென்றால் அந்தத் துண்டை வைத்திருந்த கண்ணாடிக் குடுவையை யாரும் திறக்கவே இல்லை. நூறு வருடம் கழித்து 1964 இல்தான் ஆண்டர்ஸ் குழு அந்தப் பசையைக் கண்டுபிடித்தது. பாவம், தன் குறும்பு பலித்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

கடைசியாக உங்கள் மாமனார் கல். மேலெல்லாம் ஓட்டை என்றால் பெரும்பாலும் விண்கல் இல்லை. பழைய இரும்புக் கசடாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓட்டை இல்லாத கனமான கருங்கல் என்றால் நீலகிரியே சார்னோக்கைட் பாறை, கொஞ்சம் காந்தத்தை இழுத்தாலும் ஆச்சரியமில்லை. நாம் பேசிய கார்பன் விண்கல் கனமாகவும் இருக்காது, பொரபொரவென்று இருக்கும். நம் ஊர் மழையில் நாலைந்து பருவம் கிடந்தாலே சேறாகிவிடும். அதனால் அந்த வகை நிச்சயம் இல்லை. இருந்தாலும் அவரிடம் நேராக மறுத்துப் பேச வேண்டாம். வெளிப்புறம் மெல்லிய கருப்பு ஓடு போல மூடியிருக்கிறதா, உடைந்த ஓரத்தில் உள்நிறம் வேறாக இருக்கிறதா என்று பார்த்து, நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வையுங்கள். சந்தேகம் மிஞ்சினால் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கு எழுதலாம், இந்நாட்டில் விண்கற்களைப் பாதுகாப்பது அவர்கள் பொறுப்பு. அதுவரை சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் இருந்தால் போதும்.

அன்புடன்